அமைப்பின் புழக்கடை: லூமானும் புகையில்லா அடுப்பும்

சமூகம் மனிதர்களால் ஆனது அல்ல என்று சொன்னவர் நிக்லாஸ் லூமான். 1927இல் பிறந்து 1998இல் மறைந்த ஜெர்மானியச் சமூகவியலாளர். பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் பேராசிரியராக இருந்தவர். 1984இல் வெளிவந்த ‘சமூக அமைப்புகள்’ நூலில் அவர் வைக்கும் அடிப்படை வாதம் இது: சமூக அமைப்புகள் தொடர்பாடல்களால் ஆனவை. மனிதர்களும் அவர்களுடைய உடலும் மனமும் வலியும் அந்த அமைப்புகளின் சூழலில் இருக்கின்றன. அதாவது, வெளியே.

பெண்ணிய எழுத்துகளோடு வளர்ந்த வாசகிக்கு இது முதலில் கோபத்தையே தரும். நாம் பேசத் தொடங்கியதே உடலிலிருந்துதான். உடலை வாசலுக்கு வெளியே நிறுத்தும் ஒரு கோட்பாட்டிடம் நமக்கு என்ன வேலை? என் பதில் இரண்டு பகுதிகளாக இருக்கிறது. முதலாவது, இந்தக் கோட்பாடு நம்மை வெளியே தள்ளவில்லை. நாம் ஏற்கெனவே வெளியே நிற்பதைப் பார்த்துச் சொல்கிறது. பொறியியலிலும் பொருள் வடிவமைப்பிலும் அது சொல்வது துல்லியமாகப் பொருந்துகிறது. இரண்டாவது, வெளியே நிற்பவள் அங்கே என்ன வேலை செய்துகொண்டிருக்கிறாள் என்று அது கேட்பதே இல்லை. நம் விமர்சனம் அந்த இடத்தில் தொடங்க வேண்டும்.

தமிழ் படித்தவளுக்குப் பொறியியலில் என்ன அக்கறை என்று கேட்கலாம். 2022 முதல் அண்ணா பல்கலைக்கழகத்தின் முதலாமாண்டுப் பொறியியல் பாடத்திட்டத்தில் ‘தமிழர் மரபு’, ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ என்று இரண்டு தாள்கள் இருக்கின்றன. என்னைப் போன்ற தமிழாசிரியர்கள் பொறியியல் வகுப்பறைக்குள் நுழைந்தது அப்படித்தான். நெசவு, பானைத் தொழில், கட்டுமானம், உலோகம், வேளாண்மை, நீர்ப்பாசனம், அறிவியல் தமிழ், கணித்தமிழ் என விரிகிறது இரண்டாவது தாள். அடுப்புக்கென அதில் தனி அலகு இல்லை. என் வகுப்பில் இருக்கும் பெண்கள் நான்கே ஆண்டுகளில் மென்பொருள் நிறுவனங்களுக்கும் வாகனத் தொழிற்சாலைகளுக்கும் வீட்டு உபயோகப் பொருள் தயாரிக்கும் கம்பெனிகளுக்கும் போய்விடுவார்கள். யாருக்காகவோ எதையோ வடிவமைக்கப் போகிறவர்கள் அவர்கள். அவர்களோடு பேசுவதற்காகத்தான் லூமானை எடுத்துப் படித்தேன்.

1

கோட்பாட்டை முடிந்தவரை எளிமையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

நவீனச் சமூகத்தில் சட்டம், பொருளாதாரம், அறிவியல், அரசியல் என ஒவ்வொன்றும் தனித்தனி அமைப்பு. ஒவ்வொன்றுக்கும் ஓர் இருமைக் குறி உண்டு. சட்டத்துக்குச் சட்டப்படியானது / சட்டத்துக்குப் புறம்பானது. பொருளாதாரத்துக்குப் பணம் கொடுத்தல் / கொடுக்காமை. அறிவியலுக்கு உண்மை / உண்மையல்லாதது. அரசியலுக்கு ஆளுங்கட்சி / எதிர்க்கட்சி. ஓர் அமைப்பு தன் குறியைக் கொண்டுதான் உலகத்தைப் பார்க்கும். அந்தக் குறிக்குள் அடங்காத எதுவும் அதற்குச் செய்தி ஆகாது, இரைச்சலாகவே இருக்கும். வெளியிலிருந்து ஓர் உறுத்தல் வரலாம். ஆனால் அந்த உறுத்தலை எப்படிப் புரிந்துகொள்வது என்பதை அமைப்பே முடிவு செய்யும். உயிரணு தன்னைத் தானே உருவாக்கிக்கொள்வது போல அமைப்பும் தன் கூறுகளைக் கொண்டே தன்னை மறுபடி மறுபடி உருவாக்கிக்கொள்கிறது. சிலி நாட்டு உயிரியலாளர்கள் மத்துரானாவும் வரேலாவும் உயிரினங்களைப் பற்றிச் சொன்னதை லூமான் சமூகத்துக்குக் கொண்டுவந்தார்.

நிறுவனம் என்பது இதில் ஒரு தனி வகை. அலுவலகமோ கம்பெனியோ அரசுத் துறையோ, அது முடிவுகளால் ஆனது. ஒரு முடிவு அடுத்த முடிவுக்கு அடிப்படையாகிறது, அது அதற்கடுத்ததற்கு. வெளியிலிருந்து வரும் குரல் ஏதேனும் ஒரு முடிவாக மாறினால் மட்டுமே நிறுவனத்துக்குள் அது உயிர்வாழும்.

வீட்டிலிருந்தே இதற்கு உதாரணம் சொல்லலாம். எரிவாயுவுக்காக ஒரு தானியங்கி எண்ணை அழைக்கிறோம். பதிவு செய்ய ஒன்றை அழுத்தச் சொல்கிறது; கசிவு என்றால் இரண்டு; பணம் திரும்ப வேண்டுமென்றால் மூன்று. மூன்றாவது மாடியில் கைக்குழந்தையோடு இருக்கும் பெண்ணிடம் சிலிண்டரைக் கீழேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்கள் என்றால், அதற்கு எந்த எண்? அந்தப் பெண் பேசவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அவள் பேச்சுக்கு அங்கே எண் இல்லை. லூமானைப் புரிந்துகொள்ள இந்த ஒரு வேறுபாடு போதும். ‘பெண்களின் மௌனம்’ என்று நாம் நெடுங்காலமாக எழுதிவருவதில் ஒரு பகுதியை மறுபடி யோசிக்க வைக்கிறது இது. பல இடங்களில் பெண்கள் மௌனமாக இல்லை. எழுத வேண்டிய படிவத்தில் அவர்களுக்கான கட்டம் இல்லை.

2

பொறியியல் துறைக்குள்ளிருந்தே இதற்கு நெருக்கமான ஒரு வாதம் 1968இல் வந்தது. மெல்வின் கான்வே என்ற அமெரிக்கக் கணினியியலாளர் ‘டேட்டமேஷன்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அதற்கு முன் ‘ஹார்வர்டு பிசினஸ் ரிவியூ’ அதைத் திருப்பி அனுப்பியிருந்தது; வாதம் நிரூபிக்கப்படவில்லை என்பது காரணம். கான்வே சொன்னது இவ்வளவுதான்: ஒரு நிறுவனம் எதை வடிவமைத்தாலும், அந்த நிறுவனத்துக்குள் யார் யாரோடு பேசுகிறார்கள் என்ற வரைபடம் அந்தப் பொருளில் பதிந்துவிடும். நான்கு குழுக்கள் தனித்தனியாக எழுதும் மென்பொருள் நான்கு துண்டுகளாகவே வரும். ஃபிரெட் புரூக்ஸ் 1975இல் தம் நூலில் எடுத்தாண்ட பிறகு ‘கான்வே விதி’ என்று இது புகழ்பெற்றது. இன்று மென்பொருள் நிறுவனங்களில் இதைத் தலைகீழாகப் பயன்படுத்துகிறார்கள். எப்படிப்பட்ட பொருள் வேண்டுமோ அதற்கேற்பக் குழுக்களை முதலில் மாற்றியமைக்கிறார்கள்.

லூமானையும் கான்வேயையும் அருகருகே வைத்துப் படித்தால் ஒரு பொருளைப் பிரதியாக வாசிக்கும் வழி திறக்கிறது. கவிதையில் யார் பேசுகிறார்கள், யார் கேட்கிறார்கள், யார் பெயர் சொல்லப்படாமல் நிற்கிறார்கள் என்று நாம் பார்ப்பதில்லையா? அதே கேள்விகளை ஒரு பொருளிடமும் கேட்கலாம். இதை உருவாக்கிய அறையில் யார் யாரோடு பேசினார்கள்? யாருடைய பேச்சு அறைக்குள் வரவே இல்லை? அது வராமல் போன இடம் பொருளின் எந்த மூலையில் தெரிகிறது?

இந்த வாசிப்புக்கு நான் எடுத்துக்கொள்ளும் பொருள் புகையில்லா அடுப்பு.

3

இந்தியாவில் புகையில்லா அடுப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. ஹைதராபாத் பொறியியல் ஆய்வகத்தில் பணியாற்றிய எஸ்.பி. ராஜு என்ற பொறியாளர், கோடிக்கணக்கான ஏழை வீடுகளுக்குப் புகையற்ற சமையலறை வேண்டும் என்று 1950களில் ஒரு சிறு நூலே எழுதினார். அந்த நோக்கத்தில் குறை காண ஒன்றுமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி வீட்டுக்குள் சேரும் காற்று மாசினால் 2020இல் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 32 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள். அடுப்பு முன் உட்கார்ந்திருப்பது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. கண்ணெரிச்சலையும் இருமலையும் நம் ஆச்சிகள் வயதின் அடையாளங்களாகவே எடுத்துக்கொண்டார்கள். புகைதான் அதற்குக் காரணம் என்று அளந்து காட்டிய ஆய்வாளர்களுக்குப் பெண்கள் கடன்பட்டிருக்கிறோம்.

1980களின் தொடக்கத்தில் இந்திய அரசு மேம்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. மானியத்தோடு மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் வழங்கப்பட்டன. 2002இல் மத்திய அரசு திட்டத்தை நிறுத்தியது. கட்டப்பட்ட அடுப்புகளில் பெரும் பகுதி சில ஆண்டுகளிலேயே இடிந்தோ கைவிடப்பட்டோ போயின என்பதை ஆய்வாளர்கள் தொடர்ந்து பதிவு செய்திருக்கிறார்கள்.

ஏன்? பெண்கள் பழமையில் ஊறியவர்கள், பயிற்சி போதவில்லை, விழிப்புணர்வு இல்லை என்பவை வழக்கமான பதில்கள். லூமானின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் வேறு காட்சி தெரிகிறது.

ஆய்வகத்தின் கேள்வி வெப்பத்திறன். மரபான அடுப்பில் விறகின் வெப்பத்தில் ஏறத்தாழ 10 விழுக்காடுதான் பாத்திரத்துக்குப் போய்ச்சேர்கிறது என்று கொள்ளப்பட்டது. மேம்பட்ட அடுப்பு 20 விழுக்காட்டையாவது எட்ட வேண்டும். அதைச் சோதிக்கப் பரவலாகப் பயன்பட்ட வழி, அளந்த தண்ணீரைக் கொதிக்கவைத்து, எரிந்த விறகை நிறுத்துப் பார்ப்பது. சோதனை நேர்மையானது, யார் செய்தாலும் ஒரே மாதிரி முடிவு தரக்கூடியது. அறிவியலின் குறிக்கு அதுதான் தேவை. ஆனால் எந்த வீட்டிலும் தண்ணீரைக் கொதிக்கவைப்பதோடு சமையல் முடிவதில்லை. கேழ்வரகுக் களி கிண்டுகிறவளுக்குப் பானை அசையாமல் நிற்க வேண்டும். இரண்டு கைகளின் பலமும் துடுப்பில் இறங்கும்போது அடுப்பு விரிசல் விடக் கூடாது. சோறு பொங்கி வந்தால் தீயை உடனே இழுத்துவிட வேண்டும். நெல் அவிக்கும் அண்டாவும் பிள்ளைக்குப் பால் காய்ச்சும் குண்டானும் ஒரே அடுப்பில் ஏற வேண்டும். புகைபோக்கி வைத்த அடுப்பில் பாத்திரத் துளை ஓர் அளவுக்கு வெட்டப்பட்டது. சின்னப் பாத்திரத்தை வைத்தால் இடைவெளி வழியே புகை அறைக்குள்ளேயே திரும்பிவிடும். நீளமான விறகையும் புளியஞ்சுள்ளியையும் வறட்டியையும் அந்தந்த நாளில் கிடைத்தபடி மாற்றி மாற்றி எரிப்பவளிடம், சின்னதாக வெட்டிய காய்ந்த விறகைத்தான் இந்த வாய் ஏற்கும் என்றது புதிய அடுப்பு. அப்படியானால் விறகை வெட்டுவது யார்?

நிர்வாகத்தின் கேள்வி இலக்கு. மாநிலத்துக்கு இத்தனை, மாவட்டத்துக்கு இத்தனை, இந்த ஆண்டுக்குள் இத்தனை. கட்டி முடித்த அடுப்பு என்பது கோப்பில் ஒரு முடிவு. அதைத் தொடர்ந்து மானியம், அதைத் தொடர்ந்து அறிக்கை. ஆறு மாதம் கழித்து அந்த அடுப்பில் விறகுக்கட்டு அடுக்கி வைக்கப்பட்டிருப்பது எந்தக் கோப்பிலும் முடிவாக மாறாது. பொருளாதாரத்தின் கேள்வி விலை. மானியம் கழித்து வீட்டுக்காரர் கொடுத்தது எவ்வளவு என்பது பதிவாகும்; பெண் செலவழித்த நேரம் பணம் அல்ல என்பதால் பதிவாகாது.

மூன்று அமைப்புகளும் தங்கள் வேலையைச் செம்மையாகவே செய்தன. யாரும் தூங்கவில்லை. பெண்களை வெறுத்த பொறியாளர் ஒருவர் இந்தக் கதைக்குத் தேவையே இல்லை. லூமானிடம் நான் கற்றுக்கொள்வது இதைத்தான்: பெண்களைப் புறக்கணிக்க ஒரு வில்லன் வேண்டியதில்லை, நல்லெண்ணத்தோடு இயங்கும் மூன்று குறிகள் போதும்.

இதில் இன்னொரு இழப்பும் இருக்கிறது. நம் வீடுகளில் மண்ணால் போட்ட கொடியடுப்பை நினைத்துப் பாருங்கள். முதன்மை அடுப்பில் எரியும் தீயின் மிச்ச வெப்பம் ஒரு துளை வழியே பக்கத்து அடுப்புக்குப் போகும். அங்கே விறகு வைக்காமலே குழம்பு கொதிக்கும், வெந்நீர் காயும். வீணாகும் வெப்பத்தை மீட்பது என்று பொறியியல் மாணவர்கள் எந்தக் கருத்தைப் படிக்கிறார்களோ, அதுவே இது. களிமண்ணும் உமியும் குழைத்து, வீட்டுப் பாத்திரத்தைக் கவிழ்த்து அளவெடுத்து, குமிழ் வைத்து, சாணத்தால் மெழுகி இதைச் செய்துவந்தவர்கள் பெண்கள். விரிசல் விட்டால் மறுநாளே பூசிக்கொண்டவர்களும் அவர்களே. அதை வடிவமைப்பு என்று யாரும் அழைக்கவில்லை. ‘மரபான அடுப்பு’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அந்த அறிவு முழுவதும் அடங்கி, 10 விழுக்காடு என்ற எண்ணாக மாறிப்போனது.

4

ஒடிசாவில் ரேமா ஹன்னா, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் மூவரும் செய்த ஆய்வு 2016இல் இதழில் வெளியானது. புகைபோக்கியுள்ள மேம்பட்ட மண் அடுப்பு பெற்ற குடும்பங்களை நான்கு ஆண்டுகள் வரை தொடர்ந்து பார்த்தார்கள். முதலாண்டில் அடுப்பு முன் இருப்பவர் சுவாசிக்கும் புகை குறைந்தது. பிறகு அந்தப் பயன் மறைந்துவிட்டது. உடல்நலத்திலும் விறகுச் செலவிலும் நீடித்த முன்னேற்றம் தெரியவில்லை. குடும்பங்கள் அடுப்பை ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை, பராமரிக்கத் தேவையானதைச் செய்யவில்லை, காலப்போக்கில் பயன்பாடும் குறைந்தது என்பது அவர்கள் கண்ட காரணம். ஆய்வகத்தில் வென்ற தொழில்நுட்பத்தை வீடுகளில் சோதிக்காமல் நம்பக் கூடாது என்பது அவர்கள் எடுத்துச் சொன்ன பாடம்.

முக்கியமான ஆய்வு இது. அதன் நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனால் இலக்கிய மாணவிகள் அதன் எழுவாயைக் கவனிக்க வேண்டும். ‘குடும்பங்கள் பராமரிக்கவில்லை.’ எந்தக் குடும்பத்திலும் குடும்பம் அடுப்பைப் பராமரிப்பதில்லை. புகைபோக்கியில் படியும் கரியைக் கூரைவரை ஏறித் தட்டிவிடுவது யார்? விரிசலைப் பூசுவது யார்? வேலைக்குப் போய்வந்து, விறகு பொறுக்கி, தண்ணீர் எடுத்து வந்தவளின் நாளில் இது இன்னொரு வேலையாகச் சேர்ந்தது. அவள் அதைச் செய்யாமல் விட்டது அறியாமையாக இருக்க வேண்டியதில்லை. அவளுக்கு இருந்த ஒரே வாக்குச்சீட்டாகவும் இருக்கலாம்.

அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய ‘அம்மாவுக்கு இன்னும் கூடுதல் வேலை’ என்ற நூல் இந்த இடத்தில் கைகொடுக்கிறது. அமெரிக்க வீடுகளுக்கு வார்ப்பிரும்பு அடுப்பு வந்தபோது விறகுத் தேவை குறைந்தது. விறகு வெட்டுவது ஆண்களின் வேலையாக இருந்ததால் மிச்சமான உழைப்பு ஆண்களுடையது. ஒரே நேரத்தில் பல பண்டங்கள் சமைக்க முடிந்ததால் பெண்களிடம் எதிர்பார்ப்பு கூடியது. ‘உழைப்பைக் குறைக்கும் கருவி’ என்று எதைச் சொன்னாலும், யாருடைய உழைப்பை என்று கேட்கக் கற்றுக்கொடுத்தவர் கோவன்.

5

இங்கேதான் லூமானோடு எனக்குச் சண்டை.

‘சூழல்’ என்பது அவருடைய கோட்பாட்டில் ஓர் எச்சச் சொல். அமைப்பு எதுவோ அதைத் தவிர்த்த எல்லாமும் சூழல். மழையும் சூழல், பங்குச் சந்தையும் சூழல், அடுப்பூதும் பெண்ணும் சூழல். ஆனால் மழை அமைப்பின் குறையைச் சரிசெய்து கொடுப்பதில்லை. அந்தப் பெண் சரிசெய்கிறாள். துளைக்குப் பொருந்தாத பாத்திரத்தைச் சுற்றி மண் அணைக்கிறாள். நீளமான விறகை உடைத்துத் திணிக்கிறாள். பழைய அடுப்பைத் தாழ்வாரத்துக்கு மாற்றிப் புதியதையும் பழையதையும் வேலைக்கேற்பப் பிரித்துக்கொள்கிறாள். பொருளுக்கும் வாழ்க்கைக்கும் இடையிலுள்ள பொருத்தமின்மையைத் தன் நேரத்தாலும் முதுகெலும்பாலும் நிரப்புகிறாள். அமைப்பும் சூழலும் ஒன்றோடொன்று பிணைந்து நிற்பதை லூமான் கட்டமைப்புப் பிணைப்பு என்பார். அந்தப் பிணைப்பைத் தினமும் யாரோ போட்டுக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. அது கூலியில்லாத வேலை. அதைச் செய்பவள் பெரும்பாலும் பெண். கோட்பாட்டின் பக்கங்களில் இந்த வேலைக்குப் பெயர் இல்லை.

ஆகவே ‘சூழல்’ என்ற அழகான சொல்லுக்குப் பதில் ‘புழக்கடை’ என்று சொல்லிப் பார்க்கிறேன். புழக்கடை வீட்டுக்கு வெளியே இருக்கிறது. ஆனால் அது இல்லாமல் வீடு ஒரு நாளும் நகராது. பாத்திரம் துலக்குவதும் துணி துவைப்பதும் குப்பை போவதும் அந்த வழியாகத்தான். யார் முன்வாசல் வழியாக வரலாம், யார் புழக்கடையோடு நிற்க வேண்டும் என்பதைச் சாதி தீர்மானித்த ஊர்கள் இவை. அமைப்புக்கு வெளியே இருப்பவர்கள் எல்லோரும் ஒரே தூரத்தில் நிற்பதில்லை. சொந்தக் கொல்லையில் விறகு வெட்டிப் போட ஆளிருக்கும் வீட்டுப் பெண்ணும், அடுத்தவர் வேலியோரத்தில் சுள்ளி பொறுக்கியதற்கு ஏச்சு வாங்கும் பெண்ணும் புகையில்லா அடுப்புத் திட்டத்தில் ஒரே ‘பயனாளி’யாகப் பதிவானார்கள்.

லூமானின் இந்தக் காணாப் புள்ளிக்கு ஒரு பரம்பரையும் உண்டு. 1960–61இல் ஹார்வர்டில் அவர் டால்காட் பார்சன்ஸிடம் படித்தார். ஆணுக்குக் காரியப் பொறுப்பு, பெண்ணுக்கு உணர்வுப் பொறுப்பு என்று குடும்பத்தைப் பங்கிட்டுக் காட்டியவர் பார்சன்ஸ். அந்தச் சிந்தனை மரபைப் பெட்டி ஃபிரீடன் 1963இலேயே கடுமையாக விமர்சித்தார். லூமான் தம் ஆசானைப் பல இடங்களில் தாண்டிச் சென்றார்; இந்த இடத்தில் தாண்டவில்லை. 1988இல் ‘பெண்கள், ஆண்கள், ஜார்ஜ் ஸ்பென்சர் பிரவுன்’ என்ற தலைப்பில் பெண்ணிய ஆய்வுகளைக் கிண்டல் தொனியோடு விமர்சித்து ஒரு கட்டுரையும் எழுதினார். பணிகளால் பிரிந்து இயங்கும் நவீனச் சமூகத்துக்கு ஆண்/பெண் வேறுபாடு கட்டமைப்பளவில் அவசியமில்லை என்பது அவர் நிலை. குறியளவில் அது சரியாக இருக்கலாம். பொருளாதாரத்தின் குறி பெண் பணம், ஆண் பணம் என்று பிரித்துப் பார்ப்பதில்லைதான். ஆனால் குறிகளுக்கு இடையில் விழும் மிச்ச வேலையை யார் எடுத்துச் செய்கிறார்கள் என்று பார்த்தால், அந்த வேறுபாடு அங்கே அப்படியே உட்கார்ந்திருக்கிறது. பார்க்கும் எவருக்கும் தான் பார்க்கும் விதத்தைப் பார்க்க முடியாது என்பது லூமானே வலியுறுத்திய விஷயம். அவருக்கும் அது பொருந்தும்.

6

அமைப்புக்குள் நுழைய வழியே இல்லையா? இருக்கிறது, இரண்டு உதாரணங்கள் சொல்கிறேன்.

சண்டிகர் அருகே நாடா என்ற கிராமத்தில் 1980களின் தொடக்கத்தில் கட்டடக் கலைஞர் மது சரின் கிராமத்துப் பெண்களோடு சேர்ந்து உருவாக்கியது நாடா சூலா என்ற அடுப்பு. பெண்கள் அங்கே கருத்துக் கேட்கப்பட்டவர்களாக மட்டும் இருக்கவில்லை. அடுப்பைக் கட்டும் கொத்தர்களாகப் பயிற்சி பெற்றார்கள். அடுப்பு போடுபவளும் சமைப்பவளும் ஒரே மொழியில் பேசும்போது பாத்திரத்தின் அளவும் உட்காரும் உயரமும் பேச்சிலேயே வந்துவிடும். கான்வேயின் விதி இங்கே நல்லவிதமாக வேலை செய்கிறது. பேச்சின் வரைபடம் மாறியது, பொருளும் மாறியது. ஆனால் பேச்சுக்கு நேரம் வேண்டும். ஆண்டிறுதி இலக்கை எட்ட வேண்டிய திட்டம் முதலில் வெட்டுவது அந்தப் பேச்சைத்தான்.

இரண்டாவது உதாரணம் நம் ஊர் அரசியல். 2006 சட்டமன்றத் தேர்தலுக்குப் பின் வந்த தி.மு.க. அரசு இலவச எரிவாயு அடுப்பு கொடுத்தது. 2011இல் வந்த அ.தி.மு.க. அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. ‘இலவசம்’ என்று மேடையில் ஏளனம் செய்தவர்கள் பலர். லூமானின் கண்ணால் பார்த்தால், அடுப்படியின் உறுத்தல் ஓர் அமைப்பின் குறிக்குள் வெற்றிகரமாக மொழிபெயர்க்கப்பட்ட அரிய தருணம் அது. அரைக்கும் கை வாக்களிக்கும் கையும் ஆனதால் ஆட்சி / எதிர்க்கட்சி என்ற குறி அதைக் கேட்டது. ஆட்டுக்கல்லின் முன் கழிந்த மணிநேரங்களை ஒழித்ததில் தேர்தல் அறிக்கைக்குப் பங்குண்டு என்பதைப் பெண்கள் மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் குறிக்குள் நுழைந்ததும் குரல் சுருங்கிவிடும். 2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் பல்லியாவில் தொடங்கிய உஜ்வலா திட்டம் பெண்ணின் பெயரில் எரிவாயு இணைப்பு கொடுத்தது. எட்டுக் கோடி இணைப்பு என்ற இலக்கு 2019இல் எட்டப்பட்டது. அதே ஆண்டு வந்த மத்தியத் தணிக்கை அறிக்கை, பயனாளிகள் சராசரியாக ஆண்டுக்கு நான்கு சிலிண்டருக்கும் குறைவாகவே வாங்கியதைச் சுட்டியது. இணைப்பு எண்ணப்பட்டது, இரண்டாவது சிலிண்டருக்குப் பணம் யார் கையில் இருக்கிறது என்பது எண்ணப்படவில்லை. வாங்க முடியாத மாதங்களில் பழைய அடுப்புக்கும் புகைக்கும் திரும்பியவள் மறுபடியும் புழக்கடைக்கே வந்துவிட்டாள்.

7

பொறியியல் படிக்கும் பெண்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

பெண்கள் அதிகமாக வேலைக்கு வந்தால் பொருள்கள் தாமாகவே மாறிவிடும் என்று ஒரு நம்பிக்கை நம்மிடையே இருக்கிறது. அமைப்புக் கோட்பாடு அந்த நம்பிக்கையைச் சற்றுக் கலைக்கிறது. நிறுவனம் ஆட்களால் ஆனதல்ல என்றால், ஆட்கள் மாறினால் மட்டும் அது மாறாது. உள்ளே போகும் பெண்ணும் அங்குள்ள படிவத்தைத்தான் நிரப்ப வேண்டியிருக்கும். வந்த புகாரை ‘பயனரின் பிழை’ என்று மூடும் பொத்தானை அவள் விரலும் அழுத்தும். அவள் வீட்டில் சமையலுக்கு வேறொரு பெண் வருவாள் என்றால், அடுப்படியைப் பற்றி அவளுக்குத் தெரிந்திருப்பதும் குறைவாகவே இருக்கும். அவளைக் குற்றம் சாட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவள் தோளில் ஏற்றப்படும் பொறுப்பு எவ்வளவு பெரியது, அதற்குக் கொடுக்கப்படும் கருவி எவ்வளவு சிறியது என்பதைச் சொல்கிறேன்.

கருவியைப் பெரிதாக்கலாம். படிவத்தில் ஒரு கட்டத்தைச் சேர்ப்பதும், சோதனையின் வரையறையை மாற்றுவதும், ஒரு முடிவுக்கு முன் யாரைக் கேட்க வேண்டும் என்ற விதியை எழுதுவதும் சலிப்பூட்டும் வேலைகள். எந்த மேடையிலும் கைதட்டல் வாங்காதவை. ஆனால் முடிவுகளால் ஆன ஓர் அமைப்பில் அரசியல் நடக்கும் இடம் அதுதான். தண்ணீர் கொதிக்கும் நேரத்தோடு களி கிண்டும் நேரத்தையும் சோதனையில் சேர்க்கச் சொல்வது ஒரு பெண்ணியக் கோரிக்கை. பொருள் விற்ற எண்ணிக்கையோடு ஓராண்டு கழித்து அது பரண்மேல் ஏறிவிட்டதா என்ற எண்ணிக்கையையும் கேட்பது இன்னொன்று.

என் மாணவிகளிடம் நான் கொடுக்கும் பயிற்சி இது. உங்கள் வீட்டில் ஏதாவது ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள்: மிக்ஸி, பிரஷர் குக்கர், இன்வெர்ட்டர், கைபேசிச் செயலி எதுவானாலும் சரி. அந்தப் பொருள் ஒழுங்காக வேலை செய்ய உங்கள் அம்மாவோ அத்தையோ வேலைக்கு வரும் அக்காவோ என்னென்ன செய்கிறார்கள் என்று ஒரு வாரம் கவனித்து எழுதுங்கள். தளர்ந்த கேஸ்கெட்டைக் குளிர்ந்த நீரில் போட்டெடுப்பது, மிக்ஸி மூடியைக் கையால் அழுத்திக்கொண்டே நிற்பது, மின்சாரம் வரும் நேரத்துக்கு எழுந்து மோட்டார் போடுவது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நிமிடக் கணக்கு. பட்டியல் முடிந்ததும் அதற்கு மேலே ‘வடிவமைப்பு’ என்று தலைப்பிடுங்கள். அந்த நிமிடங்களைக் கையேட்டின் எந்தப் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும் என்று தேடுங்கள். நாளை நீங்கள் எழுதப்போகும் கையேட்டிலாவது அந்தப் பக்கம் இருக்கட்டும்.